சாவி சுற்றும் நேரம்

மார்ச் 3

இறைவன் துணை.

தங்கச்சிக்கு,

ஆட்டம் நடந்தபோது அறையில் இருந்தவர்கள்: நாற்காலியில் நீ. உனக்கு வலப்பக்கம், துணி மடித்து வைக்கும் ஸ்டூலில், என் மகள். பின்னால் கட்டிலில் என் கொழுந்தன், முக்கால்வாசி நேரம் தூக்கத்தில். ஜன்னல் விளிம்பில் ஒரு பூனை, முதல் பாதிக்கு மட்டும். வேறு யாரும் இல்லை.

வீடியோவைச் சரிபார்ப்பவர் முதலில் இதை எழுத வேண்டும் என்பது, இந்த ஆட்டத்தை வேகமாக முடிப்பவர்களின் இணையப் பட்டியலில் விதி. மற்றவற்றையும் விதிப்படியே எழுதிவிடுகிறேன். ஆட்டம்: விடுதி. பன்னிரண்டாம் மாடியில் பூட்டி வைக்கப்பட்ட வேலைக்காரப் பெண்ணைக் காவலாளிகள் கண்ணில் படாமல் கீழ்வாசல் வரை இறக்கிக் கொண்டுவருவது. ஆடிய மெஷின்: அசல் அல்ல, கம்ப்யூட்டருக்குள் இருந்துகொண்டு அந்தப் பழைய வீடியோ கேம் மெஷினைப் போல நடிக்கும் எமுலேட்டர். நேரம்: நாற்பது நிமிடம் முப்பத்திரண்டு செகண்ட். மூன்று வருடமாக முதல் இடத்தில் இருக்கும் என் நேரம்: நாற்பத்தொரு நிமிடம் பதினெட்டு. ஆக, நீ நாற்பத்தாறு செகண்ட் வேகம்.

இதுவரைதான் விதிப்படி. இனி எழுதுவது அக்காவாக.

பட்டியலை நடத்தும், ஆந்தை என்று புனைபெயர் வைத்திருப்பவர் உன் வீடியோவை எனக்கு அனுப்பியபோது, இரண்டு நாள் திறக்காமல் வைத்திருந்தேன். முதல் இடத்தில் இருப்பவர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அடுத்தவர் மேலே வர முடியும் என்று ஒரு விதி வைத்திருக்கிறாரே, அதை எழுதியவருக்கு ஓரகத்தி இருந்திருக்க மாட்டாள். என்னை நானே இறக்கி வைக்க வேண்டும், அதுவும் சிரித்த முகத்தோடு.

பார்த்தேன். நன்றாகத்தான் ஆடியிருக்கிறாய். ஆனால் ஒன்று கண்ணில் குத்தியது. ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் திரை கறுத்து, நடுவில் ஒரு சாவி சுற்றுமே, அடுத்த அறையை மெஷின் சிடியிலிருந்து எடுத்து வரும் நேரம். என்னுடைய மெஷின் அதற்குக் கிர் என்று முனகி, யோசித்து, மெதுவாகத்தான் கதவைத் திறக்கும். அந்தச் சாவி சுற்றும்போதெல்லாம் நான் ஒரு வேண்டுதல் சொல்வது உனக்குத் தெரியும். "இந்தக் கதவையும் நல்லபடியா திறந்து விடு, ஆண்டவனே." முழுதாகச் சொல்லி முடிக்க நேரம் சரியாக இருக்கும். உன் வீடியோவுக்கும் பழக்கதோஷத்தில் சொல்லிப் பார்த்தேன். "இந்தக் கத" என்பதற்குள் நீ அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருக்கிறாய்.

ஆகவே இந்த நாற்பத்தாறு செகண்டில் உன் கை சம்பாதித்தது எவ்வளவு, கம்ப்யூட்டர் சும்மா கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டேன்.

இன்னொன்று. என் மகள் உன் காதருகே குனிந்து குனிந்து ஏதோ சொல்கிறாள். ஆட்டச் சத்தத்தில் சொல் கேட்கவில்லை. வெளியாள் உதவி கூடாது என்பதும் விதி. படிப்புக்காக உங்கள் வீட்டில் தங்க அனுப்பினேன். உனக்கு ஸ்டூல் போட்டு உட்கார அனுப்பவில்லை.

கோபமாக எழுதவில்லை. போனில் என்றால் கோபமாக வந்திருக்கும். அதனால்தான் கடிதம்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். பக்கத்து மேசைக்காரி "யாருக்காவது உடம்பு சரியில்லையா, மூஞ்சி அப்படிப் போகுது" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் ஒரு பூனை வந்து போனதாக எழுதியிருக்கிறார்கள் என்றேன். நிஜமாகவே அந்தப் பூனை எனக்குத் தெரியாது. உங்களைப் போல யாரும் ஒரு வீடியோவைப் பார்க்க முடியாது.

முதலில் உங்கள் பெண் விஷயம். அவள் வழி சொல்லவில்லை. காவலாளி எங்கே என்று சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய உங்கள் வீடியோவிலிருந்து ஒவ்வொரு மாடியையும் நீங்கள் தொட்ட நேரத்தைப் போனில் எழுதி வைத்திருக்கிறாள். நான் ஒரு மாடியைத் தாண்டினால் அதைப் பார்த்து, "அம்மா ஆறு செகண்ட் முன்னாடி", "இப்ப ரெண்டு பேரும் ஒண்ணு", "ஐயோ சித்தி, அம்மா உங்களத் தாண்டிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த நாற்பது நிமிடமும் அவள் வாயில் இருந்தது நீங்கள்தான். இது வெளியாள் உதவி என்றால் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். எனக்கு அது உதவியாக இல்லை. யாரோ பின்னாலேயே துரத்தி வருவது போல இருந்தது.

இனி மெஷின் விஷயம். எனக்கு எமுலேட்டரில் ஆட ஆசையா? வீடு பிரிந்தபோது பீரோ யாருக்கு, மெத்தை யாருக்கு, மிக்ஸி யாருக்கு என்று ஆண்கள் இரண்டு பேரும் பேசித் தீர்த்தார்கள். அந்த ஆட்ட மெஷினைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. அது உங்கள் டிவிக்குக் கீழே இருந்தது; அப்படியே இருந்துவிட்டது. லாரியில் ஏறும்போது நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நீங்கள் அதன்மேல் மூடியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டிருந்தீர்கள்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே அக்கா கற்றுக்கொண்டோம்? பாத்திரம் கழுவிய ஈரக்கையை அவசரமாகத் துடைத்துக்கொண்டு, நீங்கள் ஒரு மாடி, நான் ஒரு மாடி. ஒன்பதாம் மாடியில் சலவை வண்டிக்குள் ஒளிந்தால் காவலாளி பார்க்க மாட்டான் என்று கண்டுபிடித்தது யார், நினைவிருக்கிறதா? நான் என்று சொல்லவில்லை. நினைவிருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

இங்கே கடை கடையாகத் தேடினேன். அந்த மெஷினை இப்போது யாரும் விற்பதில்லை. கிடைத்த ஒன்றும் புகை விட்டது. வேறு வழியில்லாமல்தான் கம்ப்யூட்டர். ஆந்தையின் விதியில் எமுலேட்டரும் கூடும் என்று இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது.

பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

தங்கச்சி


மார்ச் 17

இறைவன் துணை.

தங்கச்சிக்கு,

கணக்குப் போட்டுவிட்டேன்.

இவருடைய கம்ப்யூட்டரில் இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கதவு கதவாக, திரை கறுக்கும் கணத்திலிருந்து அடுத்த அறை தெரியும் கணம் வரை அளந்தேன். ஆட்டத்தில் முப்பத்தொரு கதவு. ஒவ்வொன்றிலும் என் சாவி உன் சாவியைவிடக் கொஞ்சம் அதிக நேரம் சுற்றுகிறது. எல்லாம் கூட்டினால் ஐம்பத்தாறு செகண்ட் வருகிறது. சந்தேகத்துக்கு மறுபடி அளந்தேன், அதே தொகை. வீட்டுக் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது என்பது உனக்குத் தெரியும். இதில் உன் பக்கமும் இழுக்கவில்லை, என் பக்கமும் இழுக்கவில்லை.

நீ என்னைவிட வேகம் என்று காட்டுவது நாற்பத்தாறு. மெஷின் உனக்குக் கொடுத்தது ஐம்பத்தாறு. ஆக, கை வேகத்தை மட்டும் பார்த்தால் நான்தான் இன்னும் பத்து செகண்ட் முன்னால்.

இதை ஆந்தைக்கு எழுதியிருக்கிறேன். இனிமேல் எல்லாருக்கும் சாவி சுற்றும் நேரத்தைக் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும், அப்போதுதான் அசலில் ஆடுகிறவளுக்கும் எமுலேட்டரில் ஆடுகிறவளுக்கும் நியாயம் என்று சொல்லியிருக்கிறேன். மற்ற பெரிய ஆட்டங்களின் பட்டியல்களில் அப்படிச் செய்வது உண்டாம். நம்முடையதை ஆடுகிறவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான் என்பதால் இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார்.

பெண் சொன்ன நேரங்களைப் பற்றி நீ எழுதியதை நம்புகிறேன். அதை உதவி என்று எழுதவில்லை.

ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். எடுத்தவுடனே, "சித்தி பின்னிட்டாங்கம்மா, நீங்க பாத்தீங்களா?" சாப்பிட்டாயா என்று நான் கேட்டதற்குப் பதில் அதுதான். மூன்று வருடத்துக்கு முன் நான் அந்த நேரத்தை எடுத்த அன்று இதே பெண் என் பக்கத்தில் இருந்தாள். "சூப்பர்மா" என்றாள். பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்து, கடைசி வாசலில் அந்த வேலைக்காரப் பெண் வெளியே வந்து நிற்கிற படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆட்டத்தில் எந்த மாடியை எப்போது தொட்டேன் என்று அன்றைக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. உனக்காகத்தான் எழுதியிருக்கிறாள்.

சலவை வண்டி நினைவிருக்கிறது. நீதான்.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ஆந்தையின் கடிதம் வந்துவிட்டது. "உங்கள் நேரத்தில் ஆட்சேபம் வந்திருக்கிறது, விளக்கம் தேவை." யார் ஆட்சேபித்தது என்றுகூடப் பெயர் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குச் சொல்லிவிட்டு அவருக்கு எழுதியிருக்கலாம். முகம் தெரியாத ஒரு ஆளிடம், என் வீட்டு மூத்த மருமகள் என்னைப் பற்றி எழுதியதற்கு, நான் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணிகிட்ட நான் பேசவா?" என்றார். நீங்கள் தூங்குங்கள் என்றேன்.

கணக்கில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதல் தப்பு சின்னது. நான்கு இடத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு வருமே, "விருந்தினர் அனைவரும் அறைக்குத் திரும்பவும்" என்று? அது முடிகிற வரை அடுத்த கிராதிக் கதவு திறக்காது. உங்கள் மெஷினில் சாவி சுற்றிக்கொண்டிருக்கும்போதே பாதி அறிவிப்பு ஓடிவிடும். என்னுடையதில் சாவி சட்டென்று நின்றுவிடும். பிறகு நான் கிராதிக்கு முன்னால் கைகட்டி நின்று மீதி அறிவிப்பைக் கேட்டாக வேண்டும். இரண்டு பேருக்கும் மொத்த நேரம் ஒன்றுதான். அந்த நான்கு கதவில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. நீங்கள் அதையும் சேர்த்துக் கழித்திருக்கிறீர்கள்.

இரண்டாவது தப்புதான் பெரியது. உங்கள் வீடியோவில் உங்கள் கை தெரிகிறது. ஒவ்வொரு சாவிக்கும் உங்கள் வலது கை கன்ட்ரோலரை விட்டு எழும்புகிறது. மடியில் துடைக்கிறீர்கள். உதடு அசைகிறது. தோள் இறங்குகிறது. கதவு திறக்கும்போது கை தயாராகத் திரும்பி வந்திருக்கிறது. முப்பத்தொரு முறை. எனக்கு அது கிடையாது. ஒரு கதவில் நுழைந்தால் மூச்சு விடுவதற்குள் அடுத்த அறை. வியர்த்த விரலோடு, காவலாளி எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் ஓடுகிறேன். நீங்கள் உங்கள் முப்பத்தொரு ஓய்வையும் நேரத்திலிருந்து கழித்துவிட்டு, அந்த ஓய்வு கொடுத்த தெம்பை மட்டும் வைத்துக்கொள்கிறீர்கள். இது எந்தக் கணக்கில் சேர்த்தி?

நம்பாவிட்டால் ஒரு தடவை எமுலேட்டரில் ஆடிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பெண் இப்போது என் பக்கத்தில் உட்காருவதில்லை. நீங்கள் போனில் என்ன சொன்னீர்களோ தெரியாது. ஸ்டூலில் மடித்த துணிதான் இருக்கிறது. கூப்பிட்டால், "வேணாம் சித்தி, அம்மாவுக்குப் பிடிக்கல" என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்கிறாள். உங்களுக்கு வேண்டியது அதுதான் என்றால், அது கிடைத்துவிட்டது.

பொறாமை உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அவள் என் வீட்டில் சாப்பிடுகிறாள், என் போர்வையைப் போர்த்திக்கொள்கிறாள், நான் ஆடும்போது என் பக்கத்தில் உட்காருகிறாள். நான் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவள் கையில் இருப்பது உங்கள் நேரம்.

தங்கச்சி


மார்ச் 28

இறைவன் துணை.

தங்கச்சிக்கு,

அறிவிப்பு வரும் நான்கு கதவைப் பற்றி நீ சொன்னது சரி. மறுபடி அளந்தேன். அதை எடுத்துவிட்டால் மெஷின் உனக்குக் கொடுத்தது நாற்பத்தொன்பதுதான். இன்னமும் நான் மூன்று செகண்ட் முன்னால்.

ஓய்வு, தெம்பு என்று எழுதியிருப்பதை அளக்க முடியாது. அளக்க முடியாததைக் கணக்கில் எழுத எனக்குத் தெரியாது. நான் கடவுளை வேண்டிக்கொள்வதை ஓய்வு என்று நீ எழுதியது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆந்தை ஒரு வழி சொல்கிறார். பட்டியலை இரண்டாகப் பிரித்துவிடலாமாம். அசல் மெஷினுக்கு ஒன்று, எமுலேட்டருக்கு ஒன்று. முன்னதில் நான் முதல், பின்னதில் நீ முதல். யாருக்கும் மனக்குறை இல்லை. நான் சரி என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். உனக்கும் ஒரு முதல் இடம் ஆயிற்று. இரண்டு மருமகளுக்கும் ஆளுக்கொரு சமையலறை கொடுத்தது போல.

பெண்ணிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. "சித்தி வீட்டில் உனக்கு நன்றாகப் பொழுது போகிறது போல" என்றேன், அவ்வளவுதான். சொன்ன குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இவர் அடுத்த அறையிலிருந்து, "எதுக்கு அவளப் போட்டுக் குத்துற?" என்றார். ஆக, குத்துகிற மாதிரிதான் இருந்திருக்கிறது.

நீ சவால் விட்டிருக்கிறாய். ஆடிப் பார்த்துவிடுகிறேன். இவர் அலுவலகத்துப் பையன் ஒருவன் வந்து கம்ப்யூட்டரில் எமுலேட்டரை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். எதிர்வீட்டில் ஒரு கன்ட்ரோலர் இரவல் வாங்கியிருக்கிறேன். அந்த மாதிரி சட்டென்று திறக்கும் கதவுகள் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடம் குறைப்பார்கள் என்பதை வீடியோவோடு அனுப்புகிறேன்.

அக்கா


ஏப்ரல் 4

அக்காவுக்கு,

இரண்டு பட்டியல் வேண்டாம்.

எமுலேட்டர் பட்டியல் என்று ஒன்று போட்டால் அதில் இருக்கப் போவது நான் ஒருத்தி. ஒரே ஒரு பிள்ளை இருக்கிற வகுப்பில் முதல் ரேங்க் வாங்கி என்ன செய்வது? வீடு பிரித்தாயிற்று. அடுப்பு பிரித்தாயிற்று. மருமகள்களுக்கு ஆளுக்கொரு சமையலறை என்று நீங்கள் நல்லதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். இங்கே என் சமையலறையில் பேச ஆளில்லாமல் ரேடியோவை அலறவிட்டுச் சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

உண்மையைச் சொல்கிறேன். நான் இந்த ஆட்டத்தை மறுபடி ஆரம்பித்ததே, அந்தப் பட்டியலைத் திறந்தால் மேலே "பெரிய சாவி" என்ற புனைபெயரில் நீங்கள் மட்டும் தனியாக இருப்பது பொறுக்காமல்தான். "சின்ன சாவி" என்று அதற்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று ஆசை. பக்கத்தில் என்றால் மேலே என்றுதான் ஆசைப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு பக்கத்தில் போய் முதலாக இருப்பதைவிட, அதே பக்கத்தில் உங்களுக்குக் கீழே இருப்பது மேல்.

நீங்கள் சொல்கிற மாதிரியே சாவி நேரத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று செகண்ட் குறைவு என்று என்னை இரண்டாவதாகப் போடட்டும். வேண்டுதலை ஓய்வு என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அது அப்படி எழுதியிருக்க வேண்டிய விஷயமில்லை. ஆனாலும் உங்கள் கை எழும்புகிறது அக்கா. அது வீடியோவில் இருக்கிறது.

பெண்ணுக்குப் பரீட்சை நெருங்குகிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள். சண்டை தீர்ந்ததா என்று இரண்டு முறை கேட்டாள்.

தங்கச்சி


ஏப்ரல் 15

இறைவன் துணை.

தங்கச்சிக்கு,

வீடியோ அனுப்பவில்லை. அனுப்புகிற மாதிரி இல்லை.

முதல் நாள் எமுலேட்டரில் பத்தாம் மாடியைத் தாண்டவில்லை. காவலாளி பிடித்தான், பிடித்தான், பிடித்துக்கொண்டே இருந்தான். பழக்கமில்லாத கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தடுத்த நாட்களில் கீழ்வாசல் வரை வந்தேன், ஆனால் நாற்பத்து மூன்று நிமிடத்துக்கு மேல். கதவெல்லாம் உனக்குத் திறந்த அதே வேகத்தில்தான் எனக்கும் திறந்தது. அறிவிப்பு வரும் இடம் தவிர எல்லாக் கதவிலும் எனக்கு மிச்சம் கிடைத்தது. கிடைத்ததையெல்லாம் அறைக்குள்ளே போய் விட்டேன். மிச்சம் பிடித்துக் கொடுத்ததற்கு மேலேயே செலவு செய்துவிட்டேன்.

ஏன் என்று புரியாமல் என் கையைப் பார்த்துக்கொண்டே ஒரு தடவை ஆடினேன். நீ எழுதியதுதான். திரை கறுத்ததும் வலது கை தானாக மேலே எழும்புகிறது. உதடு தானாக அசைகிறது. "இந்தக் கதவையும்" என்கிறேன், அதற்குள் கதவு திறந்து காவலாளி எதிரில் நிற்கிறான். கேட்டு முடிப்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டால் வாங்கிக்கொள்ள என் கைக்குத் தெரியவில்லை. கையை எழும்பவிடாமல் ஒரு நாள் பூராவும் பழகினேன். அப்போது எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது மறந்துபோனது. நான் அந்த அறைகளையெல்லாம் சாவி சுற்றும்போதுதான் மனசில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வேண்டுதலோடு சேர்த்து அதையும் செய்திருக்கிறேன். எனக்கே தெரியாது.

இரண்டு வாரத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நேரம் நாற்பத்தொரு நிமிடம் ஐம்பது. மெதுவான என் மெஷினில் எடுத்ததைவிட அரை நிமிடத்துக்கு மேல் அதிகம், வேகமான கதவுகளோடு. இவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டருக்கு யாரையும் ஜெயிக்க வைக்கத் தெரியாது போல. அவ ஆடித்தான் ஜெயிச்சிருக்கா" என்றார். காபி கேட்டு வந்தவருக்கு இது தேவையா? கொடுக்கவில்லை.

இப்போது செய்தது என்ன என்று எழுதுகிறேன். இன்று காலை ஆந்தைக்கு எழுதி, கழிக்கச் சொன்ன என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். சாவி சுற்றுகிற நேரத்தை நாம் ஆட்டத்திலிருந்து வெட்டி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அது வெட்டினால் தனியாக வருகிற பொருள் இல்லை. அதில் என் ஆட்டத்தில் பாதி இருக்கிறது. பட்டியலைப் பிரிக்கவும் வேண்டாம் என்று சொன்னேன். நாம் இரண்டு பேரும் ஆடியபோது இருந்த விதி, முழு நேரம், எந்த மெஷினாக இருந்தாலும். தோற்றுப்போன பிறகு விதியைத் திருத்தக் கேட்டவள் நான். அதையும் எழுதினேன். உன் வீடியோவுக்குக் கீழே, பார்த்தேன், சரி என்று கையெழுத்திட்டேன். சாயங்காலம் பட்டியலைத் திறந்தேன். சின்ன சாவி மேலே, பெரிய சாவி கீழே. பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறது.

மனசு நிறைந்து செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வயிறு எரிகிறது. பிரார்த்தனையில் உட்கார்ந்தாலும் அந்த இரண்டு வரிதான் கண்ணில் நிற்கிறது. உனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளப் பார்த்தேன். உன் உடம்புக்கு, உன் வேலைக்கு, என் கொழுந்தனுக்கு எல்லாம் வேண்டிக்கொள்ள முடிந்தது. முதல் இடத்துக்கு மட்டும் வாய் வரவில்லை. கடவுளுக்கு அது தெரிந்திருக்கும், உனக்கும் தெரியட்டும்.

மெஷினைப் பற்றி எழுதியிருந்தாய். லாரி கிளம்பிய அன்று நீ திரும்பிப் பார்த்ததை நானும் பார்த்தேன். அதனால்தான் துணியைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். இப்போதும் தர மாட்டேன். ஊருக்கு வரும்போது வந்து ஆடிக்கொள். நீ ஒரு மாடி, நான் ஒரு மாடி.

பெண்ணுக்கு நானே போன் செய்தேன். சித்திக்குக் கையெழுத்திட்டுவிட்டேன் என்றேன். அதற்கு அவள், "எட்டாவது மாடில நீங்க இன்னும் சித்தியவிட வேகம்மா, தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். தெரியும், அளந்திருக்கிறேன், ஆனால் அவள் சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது. மாடி மாடியாக எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து மாடியில் நான், ஏழு மாடியில் நீ. பரீட்சை முடிந்ததும் ஸ்டூலை உன் பக்கத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். விடுமுறைக்கு இங்கே வரும்போது என் பக்கத்தில் போட்டுக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். எதிர்வீட்டுக் கன்ட்ரோலரில் இடது பொத்தான் அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறது. அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன், ஆனால் ஒட்டிக்கொள்கிறது. உன் கையில் இருந்தது கறுப்பு நிறம், வயர் இல்லாதது, கைக்கு அடக்கமாகத் தெரிந்தது. அது எந்தக் கம்பெனி, எந்தக் கடையில் வாங்கினாய், பொத்தான்கள் கெட்டியா மிருதுவா என்று எழுது. இவர் வரும் சனிக்கிழமை கடைத்தெருவுக்குப் போகிறார், அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். தயவுசெய்து உடனே பதில் போடு.

அக்கா